வருமானம் எந்த வாசல் வழியாக வரும்?



புதிதாகச் செயலி ஒன்றை உருவாக்கும் இளைஞரிடம், "இது என்ன செய்யும்?" என்று கேட்டால் மணிக்கணக்கில் விளக்குவார். "இதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?" என்று கேட்டால் பேச்சு சற்றுத் தடுமாறும். "முதலில் நிறையப் பேர் பயன்படுத்தட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலுக்குப் பின்னால் அப்பாவின் சேமநிதிப் பணம் இருக்கலாம். அம்மாவின் நகை இருக்கலாம். ஆகவே இது வியாபாரப் பாடம் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் கவலையும்கூட.

பெரிய நிறுவனங்களின் கதைகள்தாம் இந்த எண்ணத்தை வளர்த்தன. கூகள் 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரத் திட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. வாட்ஸ்அப், ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் சற்றுக் குறைவாக வசூலித்து வந்த கட்டணத்தை 2016ஆம் ஆண்டு ஜனவரியில் கைவிட்டது. அப்போது அது ஃபேஸ்புக்கின் கையில் இருந்தது. செலவைத் தாங்க ஆள் இருந்தது.

கிராப் நிறுவனத்தைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் அது பிறந்தது. பயணக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது அதன் முக்கிய வருமான வழி. ஆனால் பயணிகளுக்குத் தள்ளுபடி, ஓட்டுநர்களுக்கு ஊக்கத்தொகை என்று கொடுத்துக் கொடுத்தே வளர்ந்தது. முதன்முதலாக அது லாபம் காட்டிய காலாண்டு, 2023ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டு. இடையில் 11 ஆண்டுகள்! அத்தனை காலமும் முதலீட்டாளர்களின் பணம் அதைத் தாங்கியது. 50,000 வெள்ளியோடு இறங்குபவர் அதே வழியில் நடந்தால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகிவிடும்.

அப்படியானால் சிறியவர்கள் என்ன செய்வது? மூன்று கேள்விகளுக்கு முதலிலேயே விடை தேட வேண்டும். யார் பணம் கொடுப்பார்? எதற்காகக் கொடுப்பார்? எப்போது கொடுப்பார்? எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

"எதற்காக" என்ற கேள்விக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டில் செராக்ஸ் 914 என்ற நகல் எடுக்கும் இயந்திரம் அறிமுகமானது. விலை அதிகம் என்பதால் வாங்க ஆள் கிடைப்பது கடினம். நிறுவனம் அதை மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. முதல் 2,000 நகல்கள் அந்த வாடகையிலேயே அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நகலுக்கும் சில காசுகள். அலுவலகங்கள் பயனைக் கண்ட பிறகு நகல்கள் குவிந்தன, வருமானமும் குவிந்தது. இயந்திரம் மாறவில்லை, பணம் வரும் வாசல் மாறியது.

இதை நம் ஊர்க் கணக்காக்கிப் பார்க்கலாம். டியூஷன் நிலையங்களுக்காக ஒருவர் ஒரு செயலி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளை வகுப்புக்கு வந்ததும் பெற்றோரின் கைத்தொலைபேசிக்குத் தகவல் போகும். கட்டணப் பாக்கியும் அதில் தெரியும். நிலையங்கள் 30. ஒவ்வொன்றிலும் 100 மாணவர்கள். ஆக, 3,000 பெற்றோர்.

முதல் வழி விளம்பரம். பெற்றோர் ஒவ்வொருவரும் தினம் ஒருமுறை செயலியைத் திறந்தால், மாதம் 90,000 முறை விளம்பரம் காட்டலாம். ஆயிரம் முறைக்கு 5 வெள்ளி கிடைத்தாலும் மொத்தம் 450 வெள்ளிதான். விளம்பரம் என்பது கடலளவு கூட்டம் உள்ளவர்களின் வழி.

இரண்டாவது வழி, செயலி மூலம் செலுத்தப்படும் கட்டணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. மாணவர் ஒருவருக்கு 80 வெள்ளி என்றால், ஒரு நிலையத்திலிருந்து 160 வெள்ளி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலைய உரிமையாளருக்கு என்ன தோன்றும்? கணக்கில் காட்டாமல் கையிலேயே வாங்கிக்கொள்ளத் தோன்றும். பிறகு செயலி காட்டும் பாக்கிக் கணக்கே பொய்யாகிவிடும். வாடிக்கையாளரை மறைக்கத் தூண்டும் வருமான வழி, பொருளையே கெடுத்துவிடும்.

மூன்றாவது வழி மாதச் சந்தா. மாணவருக்கு 60 காசு என்று நிலையத்திடமே வாங்கலாம். 100 மாணவர்களுக்கு 60 வெள்ளி. 30 நிலையங்களுக்கு 1,800 வெள்ளி. விளம்பரத்தைவிட நான்கு மடங்கு. நிலையம் வளர்ந்தால் சந்தாவும் வளரும். தகவலைப் பார்ப்பவர் பெற்றோர். ஆனால் பாக்கி வசூலாவதால் பலன் பெறுபவர் உரிமையாளர். ஆகவே பணம் கொடுக்க வேண்டியவரும் அவரே. பயன்படுத்துபவர் வேறு, பணம் கொடுப்பவர் வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இலவசமே கூடாதா? கூடும், ஆனால் அதற்கு எல்லை வேண்டும். 20 மாணவர்கள் வரை இலவசம் என்றால், புதிய நிலையம் தயங்காமல் சேரும். வளரும்போது தானாகவே கட்டண வரம்புக்குள் வந்துவிடும். எல்லாமே இலவசம் என்று பழக்கிவிட்டுப் பிறகு கட்டணம் கேட்டால், கொடுத்ததைப் பிடுங்கியது போல் ஆகும்.

விலையை மாற்றும்போதும் கவனம் தேவை. சென்னையில் 2010ஆம் ஆண்டில் கிரிஷ் மாத்ருபூதம் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளைத் தொடங்கினார். அதே துறையில் இருந்த ஒரு நிறுவனம் விலையைத் திடீரென உயர்த்தியதும், அதன் வாடிக்கையாளர்கள் கோபம் கொண்டதும் அவருக்குப் பொறியாக அமைந்தன. சேவை ஊழியர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்ற சந்தா முறையில் அது வளர்ந்தது. பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஒருவர் விலையில் தடுமாறினால் மற்றவருக்குக் கதவு திறக்கும் என்பதற்கு இதுவே சான்று. பழைய வாடிக்கையாளருக்குச் சொன்ன விலையைக் குறிப்பிட்ட காலம்வரை காப்பாற்றுவது நல்லது.

சரி, தேர்ந்தெடுத்த வழி சரிதானா என்று எப்படி அறிவது? செயலி முழுமையாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐந்து நிலையங்களுக்குச் சென்று, பாதி வேலை முடிந்த பொருளைக் காட்டி, இரண்டு மாதச் சந்தாவை முன்பணமாகக் கேட்க வேண்டும். "நல்லா இருக்கு தம்பி" என்பது பாராட்டு, வியாபாரம் அல்ல. பணப்பையைத் திறப்பவர் சொல்வதே உண்மையான கருத்து. ஐவரும் மறுத்தால் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். விலையா, பொருளா, கேட்ட ஆளே தவறா? இதை வீட்டுப் பணம் கரைவதற்கு முன்பே தெரிந்துகொள்வது லாபம்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை முதலீடு கேட்டு வந்தால் முயற்சியைத் தடுக்க வேண்டாம். எவ்வளவு பணம், எத்தனை மாதம் என்ற வரம்பை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன், "முதல் வெள்ளியை உனக்குக் கொடுக்கப் போவது யார்?" என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயரையும் அவருடைய கடையின் முகவரியையும் பிள்ளை சொல்ல முடிந்தால், பாதி வழி கடந்தாயிற்று.