கழுகை மாய்த்த மருந்து

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் சோதனைக் குழாய்களே நம் மனக்கண்முன் தோன்றும். நாம் இன்று கூறப்போகும் ஆராய்ச்சியோ, இறந்த மாடுகள் கிடக்கும் ஊர்ப்புறத் திடல்களைப் பற்றியது. மருத்துவம், உயிரியல், இரசாயனம், சுற்றுச்சூழல் என்னும் நான்கும் அதில் ஒன்றுசேர்ந்தன.

பிணந்தின்னிக் கழுகை நம் முன்னோர் பாறு என்றனர். இறந்த மாடு ஒன்றை ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும் கூட்டம் அது. 1990-களில் இராஜஸ்தானத்துப் பரத்பூரில், விபு பிரகாஷ் என்னும் பறவை அறிஞர் இப்பறவைகள் விரைந்து குறைவதைக் கண்டறிந்தார். 1992 முதல் 2007 வரையிலான காலத்தில், வெண்முதுகுக் கழுகுகளுள் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது.

தொற்றுநோயே காரணம் என முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானத்தில் இறந்த கழுகுகளைச் சோதித்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், உண்மையை 2004-இல் வெளியிட்டனர். மாட்டின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம். மருந்து உட்கொண்டு சின்னாட்களில் இறந்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்படலமாய்ப் படிந்தது. நூறு பிணங்களுள் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சிருந்தாலே இவ்வழிவுக்குப் போதும் எனக் கணக்கிட்டனர். ஏனெனில், ஒரு பிணத்தைப் பல கழுகுகள் பகிர்ந்துண்ணும். ஆனால் ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும்.

பறவைதானே என்று நாம் வாளாவிருக்கலாமோ? கழுகற்ற இடத்தில் பிணம் அழுகும், நாய்கள் பெருகும், நீர்நிலை மாசுறும். கழுகுகளின் மறைவால் 2000 முதல் 2005 வரை இந்நாட்டில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் கூடுதலாக மாண்டிருக்கலாம் என, ஐயல் பிராங்க், ஆனந்த் சுதர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2024-இல் வெளிவந்த ஆய்வில் மதிப்பிட்டனர்.

கால்நடை வைத்தியத்தில் டைக்ளோபினாக்கை நம் அரசாங்கம் 2006-இல் தடுத்தது. மெலாக்சிகாம் என்னும் மருந்து கழுகுக்குத் தீங்கற்றது என அவ்வாண்டே மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும், மனிதருக்கென விற்ற பெரிய மருந்துக் குப்பிகள் மாடுகளுக்குப் பயன்பட்டன. 2015-இல் அக்குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறுக்கப்பட்டது. மாற்றாக வந்த அசிக்ளோபினாக் மாட்டின் உடலில் டைக்ளோபினாக்காகவே மாறுவது தெரிந்தது. அதுவும், கீட்டோபுரோபென் என்னும் மற்றொன்றும் 2023-இல் தடுக்கப்பட்டன.

அரியானாவின் பிஞ்சோரில் கழுகுகளைக் காப்பிலிட்டு இனம் பெருக்குகின்றனர். நம் நீலகிரியின் அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மருந்து ஒன்று நோயைத் தீர்க்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அது அடுத்து எவ்வுயிரைச் சென்றடைகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். எம்மாநிலத்தில் வாழினும், பசு வளர்க்கும் நேயர்களும், கோசாலைகளுக்குக் கொடையளிக்கும் நேயர்களும், மாட்டுக்குத் தரும் ஊசி மருந்தின் பெயரைக் கேட்டறிவார்களாக. அச்சிறு கேள்வி பறவையைக் காக்கும், நம்மையும் காக்கும்.