‘லைன்’ என்னும் ஒரு சொல்



பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நெடுநேரம் உட்கார வைக்கமாட்டேன். ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். அது ‘லைன்’.

இருபது ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பள்ளியை முடித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே, எங்கே குடியிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எழுந்து, “ஐ லிவ் இன் லைன்” என்றேன். வகுப்பே சிரித்தது. ‘வரிசையில் நின்றபடியே வாழ்கிறேன்’ என்பதுபோல் அவர்கள் காதில் விழுந்ததாம். அதற்கப்புறம் பல நாள் நான் வாயே திறக்கவில்லை.

பக்கத்திலிருந்த சீன மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே தொல்லைதான். ‘டூ புக்’ என்றுதான் எழுதுவாள். சீன மொழியில் பொருட்பெயருக்குப் பன்மை விகுதி கிடையாது. ‘தி’ போன்ற சொல் அங்கேயும் இல்லை, நம் தமிழிலும் இல்லை. என் வாக்கியத்தில் விட்டுப்போனவையும் அவைதாம். ‘இன் தி லைன்ஸ்’ என்றிருக்க வேண்டும். வரிசை வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளைத் துரைமார்கள் ‘லைன்ஸ்’ என்றார்கள். நாம் அதை ‘லயம்’ ஆக்கிக்கொண்டோம்.

இச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் ‘லீனியா’. ஆளிச்செடி நாரில் திரித்த நூல் என்று பொருள். சீனத்திலும் நூலுக்கும் கோட்டுக்கும் ‘சியென்’ என்ற ஒரே சொல்தான். நம் தமிழில் நூல் புத்தகமும் ஆயிற்று!

நூலை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் தாமாகவே வந்துவிடும். துணி காயப்போடும் கொடி லைன். தூண்டிலில் கட்டும் தங்கூசி லைன். தொலைபேசிக் கம்பி லைன். கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதை லைன். பாடப்புத்தகத்தின் ஒரு வரியும் லைன். ‘ட்ராப் மி எ லைன்’ என்றால் கோடு போடச் சொல்லவில்லை, நாலு வரி எழுதிப் போடு என்கிறார்கள். ‘வாட்ஸ் யுவர் லைன்?’ என்றால் உன் தொழில் என்ன என்பது. இந்தக் கேரித் தீவில் செம்பனை நடுமுன் கயிறு பிடித்துச் சுமார் 9 மீட்டருக்கு ஒரு குச்சி ஊன்றுகிறார்களே, அந்த வேலைக்கும் ‘லைனிங்’ என்றுதான் பெயர்.

பெற்றோர்களே, பிள்ளை தப்பாக ஆங்கிலம் பேசினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பு ஒரு பிள்ளையின் வாயைப் பூட்டிவிடும். திருத்துங்கள், போதும்.

மாணவச் செல்வங்களே! நாளை எந்த வகுப்பில் யார் கேட்டாலும், எங்கள் குடும்பம் லயத்திலிருந்து வந்தது என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். அந்தத் ‘தி’யையும் ‘ஸ்’ஸையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்!