நகரப் புவியியல் நமக்குக் கற்பிக்கும் பாடம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இச்சங்கம் தந்த ஊக்கத்தால் பல்கலைக்கழகம் சென்ற மாணவர்களின் சார்பில் பேசுகிறோம். நாங்கள் பயின்ற பாடங்களுள் ஒன்று நகரப் புவியியல். நகரம் எங்கே தோன்றுகிறது, எவ்வாறு வளர்கிறது, அதனுள் யார் எங்கே குடியிருக்கின்றனர் என்று ஆராயும் கல்வி அது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பு எதற்கு என்று உறவினர் சிலர் வினவியதுண்டு. அவ்வினாவிற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது, சிகாகோ நகரை ஆராய்ந்து பர்ஜெஸ் என்னும் அறிஞர் 1925-இல் வெளியிட்ட வட்ட வரைபடம். நடுவில் வணிகம், அதனைச் சுற்றி ஏழைகளும் புதிதாய்க் குடியேறியோரும், வெளி வட்டங்களில் வசதி படைத்தோர். இதனை நம் உதகையின் மேல் வைத்துப் பார்த்தோம், பொருந்தவில்லை. கோவைக் கலெக்டர் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கல் பங்களாவும் ஏரியும் எழுந்தன. தொழிற்சாலைக்காகப் பிறந்த ஊரன்று உதகை. வெயிலுக்கு அஞ்சிய ஆட்சியாளர் ஓய்வுக்காக எழுப்பிய ஊர். குன்றுகளின் மேல் பங்களாக்கள், தாழ்ந்த நிலத்தில் கடைவீதி என அது அமைந்தது. சுமை தூக்கியோரும் தெருக் கூட்டியோரும் எங்கே குடியிருந்தனர் என்னும் கேள்வியை அந்த வட்டங்கள் எழுப்பவில்லை, நாங்கள் எழுப்பினோம்.

இக்கேள்வியை நமக்கு முன்பே எழுப்பிய ஒருவரும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ், பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்து, தம் மக்களின் நிலையை வண்ண வரைபடமாக்கி 1899-இல் நூலாக வெளியிட்டார். ஒடுக்கப்பட்டோர் தம் தெருவைத் தாமே அளந்த அரும்பணி அது.

அடுத்து, மக்கள் தொகைக் கணக்கு. சட்டப்படி நகரமாக அறிவிக்கப்படாத ஓர் ஊரை நகரமாகக் கொள்ள மூன்று அளவுகோல்கள் உண்டு: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் வேளாண்மை சாராத தொழிலில் இருத்தல். 1961, 1971 கணக்கெடுப்புகளில் தோட்டத் தொழில் வேளாண்மை சாராத தொழிலாகக் கொள்ளப்பட்டது. 1981 கணக்கெடுப்பில் அதுவே வேளாண்மையோடு சேர்க்கப்பட்டது. செடியும் மாறவில்லை, கூடையும் மாறவில்லை; எழுதுகோல் மட்டும் மாறிற்று. கொழுந்து பறிப்பவருள் மிகப் பலர் பெண்களாயிருக்க, அளவுகோல் கேட்பதோ ஆண்களின் தொழிலை மட்டுமே!

இப்பெயரால் என்ன வந்துவிடப் போகிறது எனலாம். 2011 கணக்கின்படி நீலகிரியில் சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம் மக்கள். அவர்களில் நூற்றுக்கு 59 பேர் நகர மக்கள். பேரூராட்சி எல்லைக்குள் அமைந்த லைன் வீடும் இதில் நகரமே. ஆனால் 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் நூறு நாள் வேலையை ஊரகக் குடும்பங்களுக்கே வகுத்தது. ஆகவே அந்த லைன் வீட்டாருக்குக் கிராமத்தின் உரிமை இல்லை; நகரத்தின் சாக்கடையும் விளக்கும் பல இடங்களில் வந்து சேரவுமில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கியது. அந்த வீடோ வேலையோடு கட்டுண்டது. வேலை ஓய்ந்தால் வீடும் கைவிட்டுப் போகும். பட்டா இல்லாத குடும்பம் அப்போது எங்கே செல்லும்? பிறர் வேண்டாமென ஒதுக்கிய சரிவுக்கும் ஓடைக்கரைக்குமே செல்லும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை எல்லார் மீதும் பெய்கிறது. ஆயினும் பாதுகாப்பான நிலம் எல்லார்க்கும் கிட்டுவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இளைஞர்களே! இம்மலை நமக்கு அந்நியமான இடமன்று. அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும், 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியதும் இந்த நீலகிரியிலேதான். கல்வியும் பொது நீர்நிலை உரிமையும் அன்றே கோரிக்கைகளாயின. அக்கோரிக்கையின் தொடர்ச்சியாகவே எங்கள் படிப்பைக் கருதுகிறோம்.

ஆதலின் இவ்வெள்ளி விழா ஆண்டில் ஒரு பணியை முன்வைக்கிறோம். நம் குடியிருப்புகள் ஒவ்வொன்றையும் நாமே வரைபடமாக்குவோம். வீடுகள் எத்தனை, பட்டா எத்தனை, குடிநீர்க் குழாய் எவ்வளவு தொலைவு, சரிவு எப்பக்கம், மழைநீர் செல்லும் வழி எது, எந்த எல்லைக்குள் எவ்வூர் எனக் குறித்து, ஒரு படியைச் சங்கத்திலும் ஒரு படியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் வைப்போம். வாய்மொழியாகச் சொன்ன குறையை ஒதுக்கிவிடலாம். அளந்து, எண்ணி, வரைந்து தந்த குறைக்கு விடை கூறியே ஆகவேண்டும். அளக்கக் கற்றுக்கொடுக்க நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம். ஞாயிறுதோறும் நடக்க நீங்கள் ஆயத்தமாகுங்கள்.

 ஜெய்பீம்!