தரகரின் நாவும் ஓர் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



    

இந்த மேடையில் ஆண்டுதோறும் தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் பேசி வந்திருக்கின்றேன். இவ்வாண்டு வீட்டுமனைத் தரகைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று கூறியபோது, நிர்வாகிகளில் சிலர் புன்னகை புரிந்தார்கள். ஆயினும் நம் மஹல்லாவில் எந்த வீட்டிலும் பேசப்படும் பேச்சு இதுவன்றோ? 1961ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் உருவானது. பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர்கள் வாடகை வீடுகளில் வாழ்ந்து, சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து, அரைக் கிரவுண்டு வாங்கியவர்கள். 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழுந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மண்ணின் விலை ஏறியது. மண்ணின் விலை ஏறுமிடத்தில் மனிதனின் ஈமானும் சோதிக்கப்படுகின்றது.

ஒரு சகோதரரின் மனக்குமுறல்

சென்ற ரமளானில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து அனைவரும் சென்ற பின், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் தனியே அமர்ந்து தம் மனத்தைத் திறந்தார். அவருடைய அனுமதியுடனேயே, பெயரைக் கூறாமல், அதனை உங்கள் முன் வைக்கின்றேன். அவர் யாரென்று தயவு செய்து தேடாதீர்கள். அவரிடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதே பயன் தரும்.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடப்பட்டதும், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். பின்னர் மனை, வீடு, கிரயம், பதிவு என்று தொழில் வளர்ந்தது. திருமுல்லைவாயில் முதல் திருமழிசை வரை அவருக்குத் தெரியாத தெருவில்லை.

“ஹஜ்ரத்! நான் பொய் சொல்லி ஒரு மனையையும் விற்றதில்லை. ஆனால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்றிருக்கின்றேன். அதற்கு என்ன தீர்ப்பு?” என்று அவர் கேட்டார்.

2013ஆம் ஆண்டில், தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவருக்கு, 1,200 சதுர அடி மனை ஒன்றை 12 இலட்சம் ரூபாய்க்கு அவர் முடித்துக் கொடுத்தார். இரண்டு விழுக்காடு தரகு, 24,000 ரூபாய். அந்த மனைப்பிரிவு ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ எனப்பட்டது. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. அத்துடன், மழைக்காலத்தில் அவ்வழியே வாய்க்கால் நீர் ஓடுவதையும் அவர் முந்தைய ஆண்டே கண்டிருந்தார். “பெரியவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை” என்றார்.

2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்திக் கொள்ள, 2017 மே மாதத்தில் அரசு விதிகளை வெளியிட்டது. பலர் கட்டணம் செலுத்தித் தம் மனைகளைக் காப்பாற்றிக் கொண்டார்கள். ஆனால் நீர்நிலையிலும் நீர்வழியிலும் அமைந்த மனைகளுக்கு அந்த விதிகளில் இடமில்லை. பெரியவரின் மனு திரும்பி வந்தது. மகளுக்கென்று வாங்கிய மனையில் வீடு கட்டவும் இயலவில்லை; விற்கவும் இயலவில்லை.

அதன் பின் நடந்ததுதான் என் உள்ளத்தை உலுக்கியது. இருவரும் ஒரே பள்ளியில், சில நாள்களில் ஒரே ஸஃப்பில், தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பும்போது மட்டும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஏழாண்டுகள் இவ்வாறு கழிந்தன. இமாமாகிய நான் அவர்களுக்கு முன்னே நின்றேன்; எனக்குப் பின்னால் இருந்த அந்தப் பிளவு எனக்குத் தெரியவில்லை. இது எனக்கும் ஒரு பாடம்.

தரகுக்கு மார்க்கத்தில் இடம் உண்டா?

தரகர் என்றாலே இழிவாகப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. மார்க்கம் அவ்வாறு பேசவில்லை. அரபியில் தரகருக்கு ஸிம்ஸார் என்று பெயர். மதீனத்துக் கடைவீதியில் வணிகம் செய்தோரை மக்கள் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள், என்றே அழைத்து வந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தபோது, அதனினும் சிறந்த பெயராகிய ‘துஜ்ஜார்’, வணிகர்கள், என்று அவர்களை அழைத்தார்கள் என கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். வணிகத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்து விடுவதால், அதனோடு தர்மத்தைக் கலந்து கொள்ளுமாறும் அண்ணலார் அறிவுறுத்தினார்கள். கண்ணியமான பெயரைச் சூட்டிய அதே வேளையில், அத்தொழிலின் ஆபத்து நாவில் இருப்பதையும் சுட்டிக் காட்டிவிட்டார்கள்.

இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய பெரியோர்கள் தரகுக் கூலியில் தவறு காணவில்லை என்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஆகவே, பேசிய கூலியைப் பெறுவது ஹலாலான உழைப்பின் ஊதியமே. ஆனால் விற்பவர் கேட்கும் விலையின் மேல் இரகசியமாகத் தொகை வைத்து அதைத் தாம் எடுத்துக் கொள்வதும், வாங்கும் எண்ணமில்லாத ஒருவரைக் கொண்டு விலையை ஏற்றச் சொல்வதும் கூலியாகா, அவை மோசடியே. பின்னதற்கு நஜ்ஷ் என்று பெயர், அது தடுக்கப்பட்டது.

இனி, அச்சகோதரரின் கேள்விக்கு வருவோம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. கவனியுங்கள்! பொய் சொல்லாதிருந்தால் போதும் என்று அங்கே கூறப்படவில்லை. குறையை எடுத்துக் காட்டுவதும் கடமையாக்கப்பட்டுள்ளது. மதரஸாவில் வாணிபப் பாடம் ஓதும்போது, குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையைப் பற்றி நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்தோம். குதிரைக்கும் துணிக்கும் சொல்லப்பட்ட அச்சட்டம் ஆவடியில் உள்ள அரைக் கிரவுண்டுக்கும் பொருந்தும்.

வாங்குபவர் தரகருக்குப் பணம் கொடுப்பது எதற்காக? வழிகாட்டுவதற்காகவா? பேருந்து நடத்துநரும் வழி காட்டுவார். தனக்குத் தெரியாதது தரகருக்குத் தெரியும் என்ற நம்பிக்கைக்காகவே அவர் கொடுக்கின்றார். எனவே தரகரின் அறிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேட்கப்படாத கேள்விக்கும் அவர் விடை சொல்லியாக வேண்டும்.

நாட்டின் சட்டமும் இன்று இதனையே வலியுறுத்துகின்றது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் பதிவாகும் திட்டங்களில் விற்பனைக்கு இடைநிற்கும் தரகர் தம்மையும் பதிவு செய்து கொள்ள வேண்டும். 10ஆம் பிரிவு, பதிவு பெறாத திட்டத்தின் மனைகளை விற்க உதவுவதையும், பொய்யான வாக்குறுதி அளிப்பதையும் தடுக்கின்றது. நம் ஜமாஅத்தில் இத்தொழில் புரியும் சகோதரர்கள் இதனைச் சுமையாகக் கருத வேண்டாம். தம் கண்ணியத்தின் காப்பாகக் கொள்ளட்டும்.

வீட்டில் அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

அச்சகோதரர் தம் குடும்பத்தைப் பற்றியும் கூறினார். பிறருக்கு ஓய்வு நாளாகிய ஞாயிறே அவருக்கு அதிக வேலை நாள். மனை பார்க்க வருவோர் அன்றுதான் வருவர். உணவுத் தட்டின் முன் அமர்ந்தால் கைப்பேசி ஒலிக்கும். அஸர் நேரத்தில் கட்சிக்காரருடன் காட்டு மனையில் நிற்பார். “ஊரெல்லாம் வீடு காட்டுகின்றீர்கள், உங்கள் வீட்டை எப்பொழுது பார்ப்பீர்கள்?” என்று மனைவி ஒரு நாள் கேட்டாராம். மூன்று மாதம் ஒரு கிரயமும் முடியாமல், நான்காம் மாதம் ஒன்று முடியும் தொழில் அது. அந்த வறண்ட மாதங்களில்தான் ஷைத்தான் செவியில் ஓதுகின்றான். அவர் மௌனமாக இருந்து விற்ற அந்த மனையும், மகனின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கெடு நெருங்கியிருந்த ஒரு மாதத்தில் முடிந்ததே. அவரை நியாயப்படுத்த இதைக் கூறவில்லை. தவறு எந்த வாசல் வழியாக நுழைகின்றது என்பதை நாம் அறிய வேண்டும்.

மற்றொன்றையும் சொன்னார். ஒரு குடும்பத்தின் வீட்டை விற்கச் சென்றபோது, “அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் தந்துவிடுங்கள், பங்கு பற்றி ஒன்றும் பேச வேண்டாம்” என்றார்களாம் சகோதரர்கள். பெண் மக்களின் பங்கை அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் வகுத்துக் கொடுத்திருக்க, அதைக் கையெழுத்தால் அழிக்கத் துணியலாமா? அவர் அந்த அம்மையாரிடம் பங்கின் மதிப்பை எடுத்துச் சொன்னார். தரகு கைநழுவிப் போயிற்று. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரித்தவனின் கழுத்தில் ஏழு பூமிகளும் மாலையாக இடப்படும் என்ற நபிமொழியின் எச்சரிக்கை, அந்நியனின் நிலத்துக்கு மட்டுமன்று. உடன்பிறந்தாளின் பங்குக்கும் உரியது.

நம் கடமை என்ன?

குறை முழுவதும் தரகரிடம் என்று கூறி நாம் எழுந்து சென்றுவிட முடியாது. நாட்கணக்கில் அவரை அலைய வைத்து, இறுதியில் அவருக்குத் தெரியாமல் உரிமையாளருடன் நேரே முடித்துக் கொள்வோர் நம்மில் இல்லையா? உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற போதனை தரகருக்கும் பொருந்தும்.

“பாய் என்றால் வீட்டுக்காரர் கொடுக்க மாட்டார்” என்ற சொல்லை நம் பிள்ளைகள் கேட்டிருக்கின்றார்கள், அது வலிக்கின்றது. அவ்வாறாயின், நம் வீட்டு மாடியை வாடகைக்கு விடும்போது, பிற சமயத்தவர் என்பதற்காகவும் சாதிக்காகவும் எவரையும் திருப்பி அனுப்பாதிருப்போம். நமக்கு வலிப்பது பிறருக்கும் வலிக்கும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சியும் வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தில் இறைவன் விரிவாகக் கட்டளையிடுகின்றான். நம்மவர்களோ, “நம்ம பாய்தானே” என்று முன்பணத்தை ரசீது இன்றிக் கொடுக்கின்றார்கள். மூலப் பத்திரம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா, குழும அங்கீகாரம், ஆணையப் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டார்களா என்று கேளுங்கள். பவர் பத்திரமானால், கொடுத்தவர் உயிருடன் இருக்கின்றாரா என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை சென்று மனையில் நில்லுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் நமக்கு நினைவூட்டியது இதுதான்: ஏரியும் வாய்க்காலும் தம் இடத்தை மறப்பதில்லை.

திரும்பக் கிடைத்த ஸலாம்

பழைய சமுதாயத்தில் நிகழ்ந்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார்கள். ஒருவர் நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த குடம் கிடைத்தது. “நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை அன்று” எனத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். விற்றவரோ, “நிலத்தையும் அதிலுள்ளதையும் சேர்த்தே விற்றேன்” என மறுத்தார். வழக்குத் தீர்த்தவர், ஒருவரின் மகனுக்கும் மற்றவரின் மகளுக்கும் மணம் முடித்து, அந்தப் பொன்னை அவர்களுக்குச் செலவிடவும் தர்மம் செய்யவும் சொன்னார். மண்ணில் மறைந்திருந்த பொன்னையே மறைக்காதவர்கள் அவர்கள். நாமோ மண்ணில் மறைந்திருக்கும் வாய்க்காலை மறைக்கின்றோம்!

அன்றிரவு நான் அச்சகோதரரிடம், “பாய், தவ்பா அல்லாஹ்விடம், ஆனால் மனிதரின் உரிமை மனிதரிடமே தீர்க்கப்பட வேண்டும்” என்றேன். ஈத் முடிந்த வாரத்தில் அவர் 24,000 ரூபாயை எடுத்துக்கொண்டு பெரியவரின் வீட்டிற்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். பெரியவர் பணத்தை நெடுநேரம் தொடவில்லை. “அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி!” என்று மட்டும் கூறினார். மனையின் சிக்கல் இன்னும் தீரவில்லை. விற்றவரிடமிருந்து பணத்தை மீட்க, அச்சகோதரரே பெரியவருடன் வழக்கறிஞரிடம் சென்று வருகின்றார். ஆனால் அடுத்த ஜுமுஆவில் இருவரும் முஸாஃபஹா செய்வதை நான் கண்டேன்.

“அன்றே ஒரு வார்த்தை.” சகோதரர்களே, இத்தொழிலின் மார்க்கச் சட்டம் முழுவதும் அந்தப் பெரியவரின் சொல்லில் அடங்கியுள்ளது. வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் இல்லங்களில் பரக்கத்தை நிறைத்து, உண்மையை உரிய நேரத்தில் உரைக்கும் நாவை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.