ஒப்புகைச் சீட்டு என்னும் உரிமை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. வட்டாட்சியர் அலுவலகம், நகராட்சி, சார்பதிவாளர் அலுவலகம் என எங்கு சென்றாலும் நம் செவியில் விழும் சொற்கள் மூன்று: "சார் சீட்டில் இல்லை", "சர்வர் வேலை செய்யவில்லை", "நாளைக்கு வாருங்கள்". வேலையைவிட வெறுப்பூட்டுவது, அச்சொற்கள் சொல்லப்படும் விதம். தலை நிமிராமலேயே மறுமொழி வரும். முதியவரை நிற்க வைத்தே பேசுவார்கள். தனியே வந்த பெண்ணிடம், "வீட்டில் ஆண்கள் இல்லையா?" என்று கேட்பார்கள்.

இதனால் இழப்பது யார்? வசதியுள்ளவருக்கு ஒரு நாள் வீணாகும், அவ்வளவே. அன்றாடம் உழைத்துண்பவருக்கோ ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி. கணவரை இழந்த பெண்ணுக்கு வாரிசுச் சான்றிதழ் தாமதமானால், வங்கிக் கணக்கிலுள்ள பணமும் கைக்கு வராது. மாணவனுக்குச் சாதிச் சான்றிதழ் உரிய நாளில் கிடைக்காவிட்டால், கல்லூரியின் கதவு அவ்வாண்டுக்கு மூடிக்கொள்ளும்.

நியாயமாகவும் பேசுவோம். எல்லா ஊழியர்களையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாததால், ஒரே கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் நிலை பல இடங்களில் உண்டு. முகம் சுளிக்காமல் பணியாற்றும் நல்லவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் பணிச்சுமை தாமதத்திற்குக் காரணமாகலாம், அவமதிப்பிற்குக் காரணமாகாது.

"அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்" என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. அரசுப் பணியைத் தொண்டாகக் கருதாமல் அதிகாரமாகக் கருதிய காலத்தின் எச்சம் அது. அந்த மனப்பான்மை அறிவுரையால் மட்டும் மாறாது. வாயால் கேட்டு வாயால் மறுக்கப்படும்வரை எவரும் எதற்கும் பொறுப்பில்லை. தேதியிட்ட ஒரு தாள் நம் கையில் வந்துவிட்டால் பொறுப்பு அங்கே பிறக்கிறது. இன்றைய உரையின் சாரம் இதுவே: விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள், மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பிறப்புப் பதிவை எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி நிகழ்வை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 30 நாள் கடந்தால் அனுமதி வேண்டும்; ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். எனவே "நாளைக்கு வாருங்கள்" என்னும் ஒரு சொல், குடிமகனைக் காலக்கெடுவுக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதிவு முடிந்த 7 நாட்களுக்குள் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றிச் சான்றிதழ் வழங்க வேண்டும். பதிவாளரின் செயலால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை இச்சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்பதால், இதில் அசட்டை கூடாது.

அடுத்து, சாதிச் சான்றிதழ். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கப்பட்டது. அது பட்டியலில் உள்ள பிரிவினருக்கே உரியது. லெப்பை, தக்கனி முஸ்லிம், மாப்பிள்ளை, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா ஆகியவை அப்பிரிவுகள்; இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடங்குவர். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வர இடமுண்டு. அவ்வாறு திரும்பினால் எந்த ஆவணம் போதவில்லை என்பதை எழுத்தில் பெற்றால்தான் அடுத்த அடியை எடுத்து வைக்க முடியும்.

எழுத்தில் கேட்டும் மறுமொழி இல்லையேல், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. "ஏன் செய்யவில்லை?" என்று சினந்து எழுத வேண்டியதில்லை. "இன்ன தேதியில் தந்த என் விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது? அவர்களின் பெயர், பதவி என்ன?" என்று கேட்டாலே உறங்கும் கோப்பு எழுந்து நடக்கும். 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

அலைக்கழிப்புக்கு இழப்பீடு உண்டா என்னும் வினாவுக்கும் விடை இருக்கிறது. 1993ஆம் ஆண்டு லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில், பொது அதிகாரி குடிமகனைத் துன்புறுத்தினால் அதற்கான இழப்பீட்டை மக்களின் வரிப்பணம் சுமக்கலாகாது, பொறுப்பான அதிகாரியிடமே வசூலிக்க வேண்டும் என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2010இல் மத்தியப் பிரதேசமும், 2011இல் கர்நாடகமும் சேவைகளுக்குக் காலக்கெடு விதித்துச் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை விண்ணப்பதாரருக்கு ஈட்டுத்தொகை உண்டு. தொகை சிறிதே, ஆயினும் தாமதத்திற்கு ஒரு விலை உண்டு என்பதை அது உணர்த்துகிறது.

இடைத்தரகரைப் பற்றியும் ஒரு சொல். "கொடுத்தால் முடிந்துவிடுகிறதே" என்பவர், வரிசையில் தமக்குப் பின்னால் நிற்கும் ஏழையின் காரியத்திற்கும் விலை நிர்ணயித்துவிட்டே செல்கிறார். 2018ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி கையூட்டுக் கொடுப்பதும் குற்றமே. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ முறையிட்டால் சட்டம் அவரைக் காக்கும்.

பெரியோர்களே! படித்தவர் எழுதிக் கேட்பார். படிக்காதவர் என் செய்வார்? ஆகவே ஜமாஅத் நிர்வாகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை, படித்த இளைஞர்கள் இருவர் அமர்ந்து விண்ணப்பம் எழுதித் தரட்டும். எவருடைய விண்ணப்பம், எந்த அலுவலகம், எந்த தேதி, ஒப்புகை எண் என்ன என்று ஒரு பதிவேடு இருக்கட்டும். நம் மஹல்லாவினர் மட்டுமன்றி, உதவி கேட்டு வரும் அண்டை அயலார் எவரும் அதனால் பயன் பெறட்டும். நன்கு பணியாற்றிய ஊழியருக்கு நன்றிக் கடிதம் எழுதவும் அதே மேசை பயன்படட்டும்.

அலுவலகத்தில் நாம் குரலை உயர்த்த வேண்டியதில்லை. கூனிக் குறுகவும் வேண்டியதில்லை. கண்ணியமாகப் பேசி, எழுத்தில் கேட்டு, சீட்டைப் பெற்றுக்கொண்டு திரும்புவோம். அந்தச் சிறு தாளைப் பத்திரமாக வைத்திருப்பவரை, "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எளிதன்று.