காடைக்குஞ்சு பொரித்தலில் மனிதனின் கை

(காடை வளர்ப்புப் பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பட்ட உரையிலிருந்து)

ஜப்பானியக் காடை இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது 1974ஆம் ஆண்டில். உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகரில் தொடங்கிய ஆய்வுப் பணியே இன்று சிற்றூர்களிலும் காணப்படும் காடைப் பண்ணைகளுக்கு வித்திட்டது. ஆறு, ஏழு வாரங்களில் முட்டையிடத் தொடங்கும் இப்பறவை சிறு முதலீட்டாளருக்கு ஏற்றது. எனினும், வளர்ப்புக் காடை அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. எனவே பொரிப்பான் இன்றி இத்தொழில் இல்லை.

முட்டையின் எடை ஏறத்தாழ 10 கிராம். குஞ்சு பொரிக்க 17 அல்லது 18 நாட்கள் ஆகும். இறுதிக் கட்டத்தில் குஞ்சு முதலில் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிடத் தொடங்குகிறது. பின்னரே ஓட்டில் விரிசல் காண்கிறது. அதன் பிறகு பல மணி நேரம் அது அசைவின்றிக் கிடக்கக்கூடும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் இதனைத் தளர்ச்சி எனக் கருதி ஓட்டை உரிக்க முற்படுகிறார். அந்த நேரத்தில்தான் உட்படலத்தின் நாளங்களில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். ஏழு கிராம் உயிருக்குச் சில துளிகளின் இழப்பே போதும்.

குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே ஒலி எழுப்பி, ஒன்றையொன்று விரைவுபடுத்துகின்றன என்பதை மார்கரெட் வின்ஸ் 1960களில் ஆய்ந்து காட்டினார். முட்டைகளை ஒன்றையொன்று தொடுமாறு வைப்பதன் பயன் இதுவே.

சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் ஈரப்பதமே. கடைசி மூன்று நாட்களில் முட்டைகளைத் திருப்பாமல், ஈரப்பதத்தை 70 விழுக்காடு அளவிற்கு உயர்த்த வேண்டும். முதலில் வெளிவந்த குஞ்சுகளை எடுக்கும் ஆவலில் கதவு திறக்கப்படும்போது அந்த ஈரம் வெளியேறிவிடுகிறது. படலம் உலர்ந்து தோல்போல் இறுகிக் குஞ்சைப் பற்றிக்கொள்கிறது. பொரித்த குஞ்சுகளுக்கு வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே ஒரு நாளுக்குப் போதுமான உணவு; அவற்றை எடுக்க அவசரமே இல்லை. தொடக்க வாரங்களில் ஈரம் மிகுந்திருந்தால் நேர்வது வேறு: முட்டையின் நீர் போதிய அளவு ஆவியாகாமல் காற்றறை சிறுத்துவிடுகிறது.

விரிசல் கண்டு ஒரு நாள் கழிந்தும் முன்னேற்றமில்லை, உடன் வைத்த முட்டைகள் பொரித்துவிட்டன, படலம் பழுப்பேறி உலர்ந்துள்ளது எனில் உதவலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் படலத்தை ஈரப்படுத்த வேண்டும். அலகினுள் நீர் செல்லலாகாது. அகன்ற முனையைச் சுற்றி ஓட்டைச் சிறு சிறு துணுக்குகளாக அகற்ற வேண்டும். இரத்தம் தென்பட்டால் உடனே நிறுத்தி, முட்டையைப் பொரிப்பானில் வைத்துச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேலை முடியும் தறுவாயிலும் குஞ்சை இழுத்தெடுக்கலாகாது. கடைசி உந்துதலில் அது தானே வெளிவர வேண்டும்.

இவ்வாறு பிழைத்தவற்றின் கால்கள் வழுக்கும் தாளில் அகன்றுவிடும். சொரசொரப்பான துணி விரிப்பு தேவை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இடாவிட்டால் மூழ்கி இறக்கவும் கூடும். உதவி பெற்ற குஞ்சுகளுக்கு அடையாளமிட்டு, இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாமல் ஒதுக்குவது நலம். பதிவேட்டிலும் அவற்றைத் தனியே காட்ட வேண்டும். பொரிப்பு விகிதத்தில் அவற்றைச் சேர்த்து எழுதினால் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் பொரிப்பானின் கோளாறு அடுத்த தொகுதியிலும் தொடரும்.