கோப்பு திறந்தது, வந்து சேர்ந்தது எது?

வடிவமைப்புக் கோப்புகளை மென்பொருள்களுக்கிடையே மாற்றுவது பற்றிய இந்த அமர்வுக்கு நான் தலைவர். முதல் கட்டுரையாளர் மடிக்கணினியும் கையுமாகக் காத்திருக்கிறார். நீட்டிப் பேச மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் டூல் ரூமுக்கு ஒரு பம்ப் கேசிங் அச்சின் மாடல் ஐஜெஸ் என்ற பரிமாற்ற வடிவத்தில் கோப்பாக வந்தது. திரையில் பார்க்க அம்சமாக இருந்தது. புரோகிராம் போட்டு மில்லிங் மெஷினில் ஏற்றினோம். ஓரத்து வளைவுக்குப் போனதும் பால்நோஸ் கட்டர் சட்டென்று எஃகுக்குள் இறங்கிவிட்டது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு, "சார், படத்துல இங்க குழி இருக்கா?" என்றார். இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால், விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு பரப்பைக் காணவில்லை. விளிம்புகளுக்கு நடுவே 0.01 மி.மீ. இடைவெளி இருந்தாலும் ஒட்டியதாகவே எடுத்துக்கொள்ளும் மென்பொருள், மாடலை அனுப்பியவர்களுடையது. எங்களுடையது 0.001 மி.மீ. வரைதான் பொறுக்கும். ஒட்டாத துண்டைச் சத்தம் போடாமல் கழித்துவிட்டது.

ஐஜெஸைக் குறை சொல்வது எளிது. 1980 ஜனவரியில், போயிங்கும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் கைகொடுக்க, அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அதை வெளியிட்டது. வரிக்கு 80 எழுத்து என்ற அதன் கணக்கே பஞ்ச் கார்டு காலத்துச் சொத்து. அதற்கு முன் மென்பொருள்களின் ஒவ்வொரு இணைக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பி எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஏர்பஸ் ஏ380 கதை உங்களுக்குத் தெரியும். ஒரு விமானத்தில் ஏறக்குறைய 530 கி.மீ. மின்கம்பி. ஹாம்பர்க்கில் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பு, துலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஹாம்பர்க்கிலிருந்து கம்பிக்கட்டுகளோடு வந்த உடற்பகுதிகளைத் துலூஸில் பொருத்தப் போனால், கம்பி நீளம் போதவில்லை. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில்தான், ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதமாக. இவ்வளவுக்கும் இரண்டும் ஒரே கம்பெனியின் மென்பொருள். அதனால் இதைக் கோப்பு வடிவத்தின் குற்றமாக நான் பார்க்கவில்லை. இரண்டு பதிப்பும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவர்கள் மனிதர்கள்.

ஐஜெஸுக்கு அடுத்த பரிமாற்ற வடிவமாக, 1994 முதல் நம் கையில் ஸ்டெப் இருக்கிறது, ஐஎஸ்ஓ 10303. பரப்பு தொலைந்துபோகும் தொல்லை வெகுவாகக் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் 8 மி.மீ., எச்7 பொறுத்தளவு என்று வடிவமைப்பாளர் போட்ட துளை, பல சமயம் மறுமுனையில் வெறும் உருளைப் பரப்பாகத்தான் வந்து நிற்கிறது. அதை டிரில் போட்டு விட்டுவிடலாமா, ரீமரும் ஓட்ட வேண்டுமா? மாடல் வாய் திறக்காது. துளையை இடம் மாற்றினால் கூடவே நகர வேண்டிய போல்ட் வட்டமும் நகராது. 2014-இல் வந்த, ஸ்டெப்பின் ஏபி242 பகுதி பொறுத்தளவுகளை மென்பொருளே படித்துப் புரிந்துகொள்ளும்படி அனுப்ப வழி செய்தது. அப்படியும், நம்மில் எத்தனை பேர் மாடலோடு ஒரு பிடிஎஃப் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பாமல் இருக்கிறோம்? நானும் அனுப்புகிறேன், ஒளிப்பானேன்.

சோதனை முடிவுகளோடு வந்திருக்கும் கட்டுரையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கோப்பு பிழையில்லாமல் திறந்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள். திறந்ததில் எத்தனையை அந்தப் பக்கத்தில் திருத்த முடிந்தது, எத்தனைக்குப் போன் போட்டு விளக்கம் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லுங்கள். அந்தப் போன் கணக்கை யாராவது எழுதி வைத்திருந்தால், உங்கள் நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டித் தருகிறேன்.

அமர்வைத் தொடங்கலாம்.